வடார்க்காட்டுக்குப் பெண்ணியம் எந்த வழியாக வந்தது?

ஓர் ஆய்வுக் கட்டுரைக்காகக் குடியாத்தத்திலிருந்து எழுதியிருக்கும் நீங்கள், மேலைநாட்டில் பெண்ணியம் மூன்று அலைகளாக எழுந்தது என்று பாடநூலில் படித்ததாகவும், நம் பழைய வடார்க்காடு மாவட்டத்தில் அப்படி எந்த அலையும் அடித்ததற்கான அடையாளம் தென்படவில்லை என்றும் சொல்லி, அப்படியானால் அது நமக்கு இறக்குமதிச் சரக்குதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இந்தக் கருத்து எங்கே பிறந்தது என்பது ஒன்று. இங்குள்ள சாதாரணப் பெண்களின் வாழ்க்கையை அது தொட்டதா, தொட்டிருந்தால் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்பது மற்றொன்று. நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது இரண்டாவதைத்தான் என்று எனக்குப் படுகிறது. நான் வரலாற்றாசிரியை அல்லேன். வேலூர் நீதிமன்றங்களில் பல ஆண்டுகளாக உரிமையியல் வழக்குகளை, அவற்றிலும் பெரும்பாலும் பாகப்பிரிவினை வழக்குகளை நடத்திவருபவள். ஆகவே இந்த வரலாற்றை நான் சொத்தின் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். நீதிமன்றத்துக்கு வருவது சண்டை முற்றிய குடும்பம் மட்டுமே என்பதால் என் பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அலைக்கணக்கை முதலில் முடித்துவிடுவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வாக்குரிமைக்காக நடந்த போராட்டம் முதல் அலை என்றும், 1960களில் வேலை, உடல், குடும்பம் ஆகியவற்றைப் பற்றி எழுந்த கேள்விகள் இரண்டாம் அலை என்றும், 1990களுக்குப் பின் இனமும் வர்க்கமும் சேர்ந்த பார்வை மூன்றாம் அலை என்றும் நூல்கள் வகுக்கின்றன. இந்த வகுப்பே பின்னாளில் செய்யப்பட்டது. 1968இல் ஓர் அமெரிக்க நாளிதழின் வார இணைப்பில் வெளிவந்த கட்டுரைதான் "இரண்டாம் அலை" என்ற பேச்சைப் பரப்பியது. அதற்கு முன் போராடிய பெண்கள் யாரும் தங்களை முதல் அலையினர் என்று எண்ணிக்கொண்டதில்லை. அமெரிக்க, ஆங்கிலேய அனுபவத்தை வரிசைப்படுத்த உதவும் இந்த அளவுகோலை வேலூரில் வைத்துப் பார்த்துவிட்டு இங்கே எதுவும் நடக்கவில்லை என்று முடிவுகட்டுவது சரியாகாது.

இறக்குமதி என்ற வாதமும் பாதிதான் நிற்கும். அமெரிக்காவின் செனகா ஃபால்ஸில் பெண்ணுரிமை மாநாடு கூடியது 1848இல். அதே ஆண்டில் புனேயில் சாவித்திரிபாய் புலேவும் சோதிபா புலேவும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினர். இரண்டு இடத்தாரும் ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்தனர் என்று சொல்ல எந்த முகாந்திரமும் இல்லை. சொத்தை எடுத்துக்கொண்டால் கதை இன்னும் சிக்கலானது. இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரில் தனியாகச் சொத்து வைத்துக்கொள்ளும் முழு உரிமை 1882ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிடைத்தது. இந்துப் பெண்ணுக்கு அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சீதனத்தின்மீது சட்டப்படியான உரிமை இருந்தது. இதைச் சொல்லி நம்மவர் சிலர் மார்தட்டிக்கொள்வதும் உண்டு. ஆனால் சீதனம் என்பது பெரும்பாலும் நகையும் பாத்திரமும் துணிமணியும்தான். நிலமும் வீடும் ஆண்வழியில் போயின. நகை கையைவிட்டுப் போக ஒரு பஞ்சமோ ஒரு கடனோ போதும். நிலம் இருந்தவர்களிடமே ஊரில் சொல்லும் செல்வாக்கும் இருந்தன.

நம் பக்கத்துக்கு வருவோம். இங்கே பெண்கள் முன்னேற்றத்தைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் எடுப்பது ஐடா ஸ்கடரின் கதையைத்தான். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த அவர், திண்டிவனத்தில் ஓரிரவில் மூன்று வீட்டு ஆண்கள் பிரசவ வேதனையிலிருந்த தம் மனைவியருக்கு உதவி கேட்டு வந்து, ஆண் மருத்துவர் வேண்டாம் என்று திரும்பிப் போனதையும், மூன்று பெண்களும் இறந்துபோனதையும் பார்த்து மருத்துவம் படிக்க முடிவு செய்தார் என்பது அவரே சொன்ன செய்தி. சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை அது. அதன் ஒவ்வொரு விவரத்தையும் சாட்சியமாகக் கொள்ள நான் தயங்குவேன். ஆவணங்களில் நிற்பவை வேறு. அவர் 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1902இல் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1918இல் பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பள்ளி தொடங்கி, 1922இல் முதல் அணியினர் தேர்ச்சி பெற்று வெளியேறினர். அந்தப் பள்ளி 1942இல் எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்து, 1947இல் ஆண் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டது. இதைப் பெண்ணியம் என்று அழைக்கலாமா? அவர் வந்தது மதப்பணிக்கு. பெண்ணை ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்ற வீட்டுக் கட்டுப்பாட்டை அவர் எதிர்க்கவும் இல்லை. அதற்குள் நின்றபடியே வழி தேடினார். ஆயினும் அந்தக் கட்டுப்பாட்டின் பயனாகவே மருத்துவம் என்ற தொழிலுக்குள் பெண்கள் கூட்டமாக நுழைந்தனர். கோரிக்கை எழுவதற்கு முன்பே ஒரு நிறுவனம் முளைத்துவிட்ட ஊர் வேலூர் என்பது என் கணிப்பு.

கோரிக்கை எழுந்தது சென்னையில். 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் அதன் முன்னோடிகள். 1921இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கத் தீர்மானித்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுவே முதல். பாடநூல்கள் இவ்வளவோடு நின்றுவிடுகின்றன. அந்த வாக்கு சொத்தையும் வரியையும் பொறுத்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். நிலம் தகப்பன் பெயரிலும் கணவன் பெயரிலும் இருந்த மாகாணத்தில் பெண்ணுக்கு வாக்கு என்றால், எத்தனை பேருக்கு அது எட்டியிருக்கும்? சொத்தில்லாதவளுக்கு வாக்கில்லை, சொத்தோ அவளுக்கு வருவதில்லை. இந்த முடிச்சு அவிழ அரசியலமைப்புச் சட்டமும் 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலும் வரவேண்டியிருந்தது.

1927இல் சட்டமன்றத்துக்கு வந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தேவதாசி ஒழிப்பு முயற்சியிலும் சொத்துதான் அடிப்படை. கோயிற்பணிக்கு ஈடாக விடப்பட்டிருந்த இனாம் நிலத்தைப் பணியிலிருந்து பிரித்து அந்தப் பெண்களுக்கே சொந்தமாக்க 1929ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது; பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டப்படி தடைசெய்யப்பட்டது 1947இல். இந்தச் சட்டம் நல்லது செய்தது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அந்தக் குலப் பெண்கள் மகளைத் தத்தெடுக்கவும், சொத்தைத் தாய்வழியில் கைமாற்றவும் வழக்காற்று உரிமை பெற்றிருந்தனர் என்பதையும், அக்குலத்தைச் சேர்ந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோர் அந்த மசோதாவை எதிர்த்தனர் என்பதையும் மறைத்துவிட்டு இந்த வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. அவ்வமைப்பிலிருந்தே வெளிவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஒழிப்பின் பக்கம் உறுதியாக நின்றார் என்பதும் அதே அளவுக்கு உண்மை. ஒரே அனுபவத்திலிருந்து இரண்டு முடிவுகள் வந்தன. இன்று உட்கார்ந்துகொண்டு ஒருவரை விடுதலைக்காரர், மற்றவரைப் பிற்போக்காளர் என்று தள்ளுபடி செய்ய நான் துணியமாட்டேன்.

அதே காலத்தில் வேலூருக்கு வேறொரு விதத்தில் பெண்கள் வந்துசேர்ந்தனர், கைதிகளாக. மாகாணத்தின் பெண் அரசியல் கைதிகள் பலர் வேலூர்ச் சிறையில்தான் அடைக்கப்பட்டனர். 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் கைதான ருக்மிணி லட்சுமிபதி, நாவலாசிரியை வை.மு. கோதைநாயகி அம்மாள், 1942இல் கைதான அம்மு சுவாமிநாதன் ஆகியோர் அவர்களுள் சிலர். தேசிய இயக்கம் பெண்களை வாசலுக்கு வெளியே கொண்டுவந்தது உறுதி. வீட்டுக்குள் எதையாவது மாற்றியதா என்பதில்தான் ஆராய்ச்சியாளர்கள் ஒத்துப்போவதில்லை.

வீட்டுக்குள் கைவைத்தது சுயமரியாதை இயக்கம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண மாநாடு, ஆணுக்குச் சமமான சொத்துரிமை, விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமை, மணவிலக்கு உரிமை, கைம்பெண் மறுமணம் என்று வரிசையாகத் தீர்மானங்கள் போட்டது. புரோகிதர் இல்லாத, மாலை மாற்றுதலும் உறுதிமொழியும் மட்டும் கொண்ட திருமணங்கள் அப்போதே பரவத் தொடங்கியிருந்தன. ஆனால் அவை சட்டத்தின் முன் செல்லுமா என்ற கேள்வி நெடுநாள் தொங்கியது. 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, மணமேடையில் வாழ்த்துப் பெற்ற மனைவியர் சட்டத்தின் கண்ணில் மனைவியராக இல்லாமற் போயினர். கணவன் சொத்தில் அவர்களுக்குள்ள உரிமையும் கேள்விக்குள்ளாயிற்று. அண்ணா முதலமைச்சரானபின் 1967இல் கொண்டுவந்த திருத்தம்தான் அத்திருமணங்களை, முன்பு நடந்தவற்றையும் சேர்த்து, செல்லுபடியாக்கியது. கொள்கை முதலில், சட்டம் பின்னர் என்ற வரிசையில் இடையே விழுந்த பள்ளத்தின் விலையைக் கொடுத்தவர்கள் பெண்கள்தான்.

இங்கே வேலூர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போகக்கூடாது. மணியம்மையார் பிறந்தது வேலூரில். 1949இல் பெரியாரை அவர் மணந்ததும் கட்சி பிளந்ததும் எல்லாருக்கும் தெரியும். அந்தத் திருமணம் வாரிசு ஏற்பாட்டுக்காகவே என்று திராவிடர் கழகத்தார் விளக்கினர். வயது வேறுபாட்டைக் காட்டி எதிர்த்தரப்பினர் அதை மறுத்தனர். உள்நோக்கத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. சட்டநிலையை மட்டும் சொல்கிறேன்: மணக்காமல் மகளாகத் தத்தெடுத்திருக்கலாமே என்றால், பெண்ணைத் தத்தெடுக்கப் பொதுவான இந்துச் சட்டம் அன்று இடங்கொடுக்கவில்லை, 1956ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்துக்குப் பின்பே அது கைகூடியது. 1973 டிசம்பரில் பெரியார் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் காலமானபின், 1978இல் தாம் மறையும்வரை மணியம்மையார் அந்த இயக்கத்தை நடத்தினார். பெரிய அரசியல் இயக்கமொன்றின் தலைமைக்கு ஒரு பெண் வந்தது தமிழ்நாட்டில் அன்று அரிய செய்தி. ஆயினும் அவரைப் பற்றிய பேச்செல்லாம் இன்னமும் அவருடைய திருமணத்தையே சுற்றிவருகிறது.

இனி எனக்கு நன்றாகத் தெரிந்த பகுதி. 1937ஆம் ஆண்டு இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவனின் பங்கை ஆயுள்கால அனுபவமாக மட்டும் தந்தது. விவசாய நிலத்துக்கு அது பொருந்தச் சென்னை மாகாணம் 1947வரை காத்திருந்தது. மகளைப் பற்றி அது வாய்திறக்கவில்லை. மகளுக்குப் பங்கு என்பதை முன்வைத்த அம்பேத்கரின் இந்துச் சட்ட மசோதா முடங்கியதால் அவர் 1951இல் பதவி விலகினார். 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. பாட்டன் வழிவந்த ஒன்பது ஏக்கர் நிலம், தாய் முன்பே இறந்துவிட்டார், தகப்பன், இரண்டு மகன்கள், ஒரு மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டப்படி தகப்பன் இறக்கும்போது, நிலம் அவருக்கும் மகன்களுக்குமாக முதலில் மூன்று மூன்று ஏக்கராகப் பிரிந்ததாகக் கருதப்படும். பிறகு தகப்பனின் மூன்று ஏக்கர் மட்டும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும். கணக்கை முடித்தால் மகன்களுக்கு நான்கு நான்கு ஏக்கர், மகளுக்கு ஓர் ஏக்கர். மகன் பிறப்பாலேயே பங்காளி, மகளோ தகப்பன் இறந்தபின் வாரிசு மட்டும் என்பதுதான் இந்த வேறுபாட்டின் காரணம். இதை மாற்றியது 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம். மகளும் பிறப்பாலேயே பங்காளியானாள்; மேற்சொன்ன கணக்கில் மூவருக்கும் மூன்று மூன்று ஏக்கர். ஆனால் அந்தத் தேதிக்கு முன் மணமாகிவிட்ட மகளுக்கு இது கிடையாது. தை மாதத்தில் தாலி கட்டிக்கொண்ட அக்காவுக்கு ஒரு பங்கு, வைகாசியில் கட்டிக்கொண்ட தங்கைக்கு வேறு பங்கு என்று ஒரே வீட்டில் இரண்டு நியாயம் நடந்தது. அந்த மனக்கசப்பை வழக்குரைகளில் இன்றும் வாசிக்கலாம். நம் மாவட்டத்துக்கு அம்பேத்கர் பெயர் சூட்டப்பட்டதும் அதே 1989இல்தான் என்பது தற்செயல்; இருந்தாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

செங்கல்பட்டுத் தீர்மானமே அறுபது ஆண்டு கழித்துச் சட்டமாயிற்று என்று மேடைகளில் சொல்வார்கள். கருத்தின் வழித்தோன்றல் என்ற அளவில் அதை ஏற்கலாம். நேர்க்கோடு போட்டுவிட முடியாது. ஏனெனில் சுயமரியாதை இயக்கம் வேரூன்றாத ஆந்திரம் நமக்கு முன்பே, 1986இல், இதே போன்ற சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. நாடு முழுமைக்குமான திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல் வந்தது. மணமான தேதி என்ற தடை அதோடு ஒழிந்தது. 2004 டிசம்பர் 20க்கு முன் முடிந்துபோன பாகப்பிரிவினைகளை அது கிளறவில்லை. திருத்தம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தகப்பன் உயிரோடிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னது. வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் மூன்று நீதிபதிகள் அமர்வு, வினீதா சர்மா வழக்கில், முடித்துவைத்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் நடந்த வழக்குகளில் பெண்கள் பட்ட பாடு தனி அத்தியாயம்.

சட்டம் இவ்வளவு தூரம் வந்தபின்னும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நான் அதிகம் பார்ப்பது விடுதலைப் பத்திரம். அக்காதங்கைகள் தங்கள் பங்கை அண்ணன்தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடும் பத்திரம் அது. மறுபயன் என்று, அதாவது பங்குக்கு ஈடாக, ஒரு சிறு தொகை எழுதப்படும். சில வேளை அதுவும் இருக்காது. ஏன் விடுகிறீர்கள் என்று தனியே அழைத்துக் கேட்டால் வரும் விடை ஏறக்குறைய ஒன்றுதான்: "பங்கு கேட்டா அண்ணன் வூட்டு வாசப்படிய மிதிக்க முடியாம பூடும்மா." பிறந்த வீட்டுச் சீர், பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி, கணவனோடு மனம் கசந்தால் போய் நிற்க ஓரிடம் ஆகிய எல்லாம் அந்த வாசற்படியில் இருக்கின்றன. இதை அறியாமை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை; மூன்று ஏக்கரையும் அந்த வாசற்படியையும் எடைபோட்டுத்தான் அவள் கையெழுத்திடுகிறாள். அப்படி எடைபோட நேர்வது அவளுக்கு மட்டும்தான், அண்ணனுக்கு இல்லை என்பதே அநீதி. அவளுக்குப் பங்கு உண்டு என்பதால்தான் அவளுடைய கையெழுத்துத் தேவைப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். 1989க்கு முன், பூர்வீக நிலத்தைப் பிரித்துக்கொள்ளும் அண்ணன்தம்பிகள் பல வீடுகளில் அவளைக் கேட்கவே இல்லை.

சொத்து வழியாகச் சொல்லும் இந்த வரலாறு எல்லாருக்கும் பொருந்தாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முஸ்லிம் குடும்பங்களில் மகளுக்கு மகனின் பங்கில் பாதி என்று மதச்சட்டமே வரையறுத்திருக்கிறது; இந்து மகளுக்கு ஒன்றுமில்லாத காலத்திலும் அது ஏட்டில் இருந்தது. நம் பகுதிக் கிறித்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு தந்தது. இரண்டு சமூகங்களிலும் விட்டுக்கொடுக்கும் பத்திரங்களை நான் பார்த்திருக்கிறேன். பிரிக்க நிலமே இல்லாத வீடுகளின் கதையோ வேறு. குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்ணுக்கும், ஆம்பூரில் ஷூ கம்பெனி வேனுக்காக விடியற்காலையில் நிற்கும் பெண்ணுக்கும் பங்காளி உரிமை ஒரு பொருட்டே அல்ல. அவர்களுக்குச் சட்டம் என்பது, 2025 வரை நடப்பிலிருந்த 1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம், 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம், வருங்கால வைப்புநிதி, பேறுகால விடுப்பு. அங்கே போராட்டத்தை நடத்தியது தொழிற்சங்கம். சேரிப் பெண்களின் அனுபவத்தை மேல்சாதிப் பெண்களின் அனுபவத்தோடு ஒரே கணக்கில் சேர்க்கக்கூடாது என்பதற்கும் தமிழ்நாட்டில் நெடிய மரபு உண்டு. 1930களிலேயே மேடையேறிய தலித் தலைவி மீனாம்பாள் சிவராஜை உங்கள் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள்.

உள்ளாட்சி இட ஒதுக்கீட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு, பின்னர் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதி; வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் அப்படி நடந்த தேர்தல் 2021 அக்டோபரில். தலைவர் நாற்காலியில் கணவர் உட்காரும் கூத்தை எல்லாரும் கேலி செய்கிறார்கள். கேலிக்கு இடமும் உண்டு. காசோலையில் கையெழுத்துப் போட மறுத்த தலைவிகளையும் நான் அறிவேன்.

உங்கள் ஆய்வுக்கு ஒரு யோசனை. அலைகளைத் தேடாமல் உங்கள் ஊரின் ஒரே ஒரு சர்வே எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. 1975 முதல் இன்றுவரை அந்த நிலத்தின்மீது பதிவான பாகப்பிரிவினை, விடுதலை, தானசெட்டில்மெண்ட் பத்திரங்களில் எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் என்ற இரண்டு பத்திகளையும் படித்து, பெண்பெயர்கள் எந்த ஆண்டிலிருந்து எந்தப் பத்தியில் தோன்றுகின்றன என்று குறித்துக்கொண்டு வாருங்கள். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் எழுதிய அட்டவணையைத் தேடச்சொல்ல வேண்டியிருக்கும்; அதற்குக் கட்டணம் உண்டு, பொறுமையும் வேண்டும். பிறகு அந்தப் பெயருக்குரியவர்களில் உயிரோடிருப்பவர்களைப் போய்ப் பாருங்கள். அண்ணன்தம்பிகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள்.